எந்தப் பக்கம் மேலே?

சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் தண்ணீர்ப் பெட்டியைப் பழுது பார்க்க வந்த தம்பி, மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெம்பரேன் போயிடுச்சு சார். டி.டி.எஸ். நானூறைத் தாண்டிடுச்சு, இனிமே தாங்காது" என்றார். புதியதை மாட்டிவிட்டுப் பழையதைத் தன் பைக்குள் போடப் போனவரிடம் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்று வருடம் எங்கள் வீட்டுக்குக் குடிநீர் கொடுத்த பொருள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்ப மனம் வரவில்லை.

ஒரு அடி நீளம், கைப்பிடிக்குள் அடங்கும் பருமன், மேலே பிளாஸ்டிக் நாடா. காய்கறிக் கத்தியால் நீளவாக்கில் கீறினேன். நடுவில் துளைகள் போட்ட மெல்லிய குழாய். அதைச் சுற்றி, கோரைப்பாயைச் சுருட்டியதுபோல வெள்ளைத் தாள். தாளுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு இடத்தில் கொசுவலை போன்ற வலை, இன்னொரு இடத்தில் கெட்டித் துணி. வலை இருந்த பக்கமெல்லாம் சுண்ணாம்பு பூத்திருந்தது. கழுவிவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாளின் ஒரு முகம் பளபளப்பு. மறுமுகம் மங்கல், துணியின் நெய்யாத இழைகள் தெரிகின்றன.

இந்த இரண்டு முகங்களும் ஒன்றல்ல என்று கண்டுகொண்ட கணத்தில்தான் இந்தப் பொருள் பிறந்தது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், 1950-களின் கடைசியில், இரண்டு பேர் ஒரே தாளை ஒரே மாதிரி சோதித்து, இரண்டு விதமான பதில் வந்து குழம்பி நின்ற கணம் அது. அந்த இருவரில் ஒருவரின் பெயர் ஸ்ரீனிவாச சௌரிராஜன். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயர். நம் காதுக்கு இத்தனை பழகிய அந்தப் பெயரை, "ஆர்.ஓ. தண்ணி" என்று தினமும் சொல்லும் நம் ஊரில் நான் கேட்டவர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாவடு போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சவ்வூடு பரவலைப் பாடப்புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை வடுவில் கல்லுப்பைக் கொட்டிக் குலுக்கி வைத்தால், சில நாளில் வடு சுருங்கிப்போய், ஊற்றாத தண்ணீர் ஜாடியில் நிற்கும். வடுவுக்குள் இருந்த நீர் தோலைக் கடந்து உப்பைத் தேடி வெளியே வந்துவிட்டது. பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை உப்புவது இதே விஷயத்தின் மறுபக்கம். நீர் எப்போதும் கரைபொருள் குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்குப் போகப் பார்க்கும். நடுவில் நீரை மட்டும் விடுகிற ஒரு தோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1748-ல் பிரான்சில் ழான்-ஆந்துவான் நொல்லே என்ற பாதிரியார் இதை எழுதி வைத்தார். சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் இறுகக் கட்டித் தண்ணீரில் அமிழ்த்தினார். தோல் உப்பிப் புடைத்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு ஏதோ. கண்ணில் பட்டது இது. பிறகு 1877-ல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பெஃபர் என்ற தாவரவியலாளர், மண் குடுவையின் நுண்துளைகளுக்குள் செயற்கைச் சவ்வு ஒன்றைப் படியவைத்து, அந்த உந்துதலை அழுத்தமாக அளந்தார். அவர் எண்களை வைத்து வான்ட் ஹாஃப் எழுதிய சமன்பாடு, வேதியியலின் முதல் நோபல் பரிசை 1901-ல் அவருக்குக் கொண்டுவந்த பணிகளில் ஒன்று.

அந்தச் சமன்பாட்டில் கடல்நீரைப் போட்டால் ஏறத்தாழ 27 பார் என்று விடை வரும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முறை அடுக்கி, அந்த உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அடியில் எவ்வளவு அழுத்தமோ, அவ்வளவு. நல்ல தண்ணீர் அந்த வேகத்தோடு கடலுக்குள் புகப் பார்க்கிறது. அதைவிடக் கூடுதலாக நாம் கடலின் பக்கமிருந்து அழுத்தினால் நீர் திரும்பி நடக்க வேண்டும். உப்பு அங்கேயே நிற்க வேண்டும். மாவடு ஜாடியில் நடந்ததைப் பின்னோக்கி ஓடவிடுவது: எதிர்ச் சவ்வூடு பரவல், அதாவது நாம் சொல்லும் ஆர்.ஓ. இந்த யோசனை வருவது கடினமல்ல. உப்பைத் தடுத்து நீரை விடும், அந்த அழுத்தத்தில் கிழியாத, ஒரு டம்ளர் நிரம்ப ஒரு வாரம் காக்கவைக்காத சவ்வு கிடைப்பதுதான் கடினம். வான்ட் ஹாஃபுக்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதி தண்ணீருக்குக் கவலைப்படத் தொடங்கியது. 1952-ல் உப்புநீரை நன்னீராக்கும் ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, உப்புநீர் அலுவலகம் என்று ஒரு அரசுத் துறையையும் உண்டாக்கியது. அதிபர் கென்னடி 1961-ல் பேசும்போது, கடல்நீரிலிருந்து மலிவாக நன்னீர் எடுக்க முடிந்தால் மற்ற அறிவியல் சாதனைகளெல்லாம் அதன் முன் சிறுத்துப்போகும் என்ற பொருளில் சொன்னார். அந்த வருடம் டெக்சஸ் மாநிலத்தின் ஃப்ரீபோர்ட்டில் அவர் வாஷிங்டனிலிருந்தபடியே பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்த ஆலை கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிரவைக்கும் ஆலை. அன்றைக்கு அரசாங்கமும் தொழில் உலகமும் நம்பியிருந்தது அடுப்பைத்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும். அந்த வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் நுட்பங்கள் எத்தனை வந்தாலும், நீரை ஆவியாக்கி மறுபடி நீராக்கும் செலவு அடித்தளத்தில் இருந்துகொண்டே இருக்கும். சவ்வு வழியில் நீர் நீராகவே இருக்கும்.

சவ்வைத் தேடியவர்கள் வெகு சிலர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஜெரால்டு ஹாஸ்லர் 1940-களின் கடைசியில் செல்லோஃபேன் தாள்களை வைத்து முயன்றார். இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய காற்று அடுக்கு, அதைத் தாண்டி நீராவி மட்டும் போகும் என்பது அவர் திட்டம். நாட்டின் மறுகோடியில், ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ரீட் கடையில் கிடைத்த தாள்களையெல்லாம் வாங்கிவந்து, ஒவ்வொன்றாக உப்புநீரின் கீழ் வைத்து அழுத்திப் பார்த்தார். அவரும் அவருடைய மாணவர் பிரட்டனும் அப்படிச் சோதித்ததில் ஒன்று தேறியது: செல்லுலோஸ் அசிடேட். பஞ்சிலிருந்தும் மரக்கூழிலிருந்தும் செய்கிற பொருள். புகைப்படச் சுருளாகவும் சிகரெட்டின் பஞ்சு முனையாகவும் அன்றைக்கு உலகம் அறிந்த பொருள். அது நூற்றில் 95 பங்குக்கு மேல் உப்பைத் தடுத்தது. ஆனால் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக்கூட வரவில்லை, கசிந்தது. தாளை எத்தனை மெல்லியதாக்கினாலும் பயன்படும் அளவு கிடைக்கவில்லை. சவ்வால் கடல்நீரைக் குடிநீராக்க முடியும் என்று முதலில் நிறுவியவர் ரீட். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதே முடிவுகளைப் படித்த பலர், இது ஆய்வகத்தைத் தாண்டாது என்று முடிவுகட்டியதிலும் தவறு சொல்ல முடியாது.

லாஸ் ஏஞ்சலிஸில் இதே வேலைக்கு வேறொரு வாசல் வழியாக வந்தவர் சாமுவேல் யூஸ்டர். பெட்ரோலியப் பொறியியல் பேராசிரியர். பாறை இடுக்குகளில் எண்ணெயும் நீரும் எப்படி ஒட்டி நகர்கின்றன என்பது அவர் துறை. உப்புநீரின் மேற்பரப்பில், காற்றைத் தொடும் இடத்தில், ஓரிரு மூலக்கூறு கனத்துக்கு உப்பில்லாத நீர்ப்படலம் இருக்க வேண்டும் என்று கிப்ஸ் எழுதிய பழைய சமன்பாடு ஒன்றிலிருந்து அவர் கணக்குப் போட்டார். பாலின் மேல் ஆடையை எடுப்பதுபோல அந்தப் படலத்தை வழித்தெடுத்தால் நன்னீர் கிடைக்குமே என்பது அவர் எண்ணம். அதற்குத் தகுந்த நுண்துளைகள் உள்ள ஒரு பரப்பு வேண்டும். நீர்ப்படலம் அந்தப் பரப்பில் ஒட்டி, துளைக்குள் நழுவி, மறுபுறம் வர வேண்டும். 1956-ல் அவரிடம் ஆராய்ச்சிக்கு வந்தவர் இந்தியாவிலிருந்து போன சௌரிராஜன். உப்பும் நீரும் சேர்ந்தால் என்னவெல்லாம் ஆகும் என்பதில் அவருக்கு இருந்த ஈடுபாடு இந்தச் சவ்வோடு நிற்கவில்லை. கொதிக்கும் பாறைகளின் ஆழத்தில் உப்புநீர் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர் ஜார்ஜ் கென்னடியுடன் சேர்ந்து அளந்து 1962-ல் வெளியிட்ட கட்டுரையைப் புவியியலாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

1958-ல் சிட்னி லோப் வந்து சேர்ந்தார். அவருக்கு அப்போது வயது 41. வேதிப் பொறியியல் படித்துவிட்டு, எண்ணெய், ராக்கெட், அணு உலை என்று தொழில்துறையில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர், மறுபடி மாணவராகி முதுநிலைப் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். அந்த வருடமே யூஸ்டர் காலமானார். எண்ணத்தைத் தந்தவர் போய்விட்டார். இன்னும் முடியாத ஒரு வேலையும், அதைத் தொடர இரண்டு பேரும் எஞ்சினார்கள்.

அவர்கள் வைத்திருந்த தாளைத் தாங்களாகச் செய்யவில்லை. ஷ்லைஷர் அண்ட் ஷூல் என்ற ஜெர்மானிய நிறுவனம் ஆய்வகங்களுக்கு விற்ற நுண் வடிதாள், அதுவும் செல்லுலோஸ் அசிடேட். கலங்கலை வடிகட்டச் செய்த தாள் உப்பைத் தடுக்காது; அதன் துளைகள் உப்பின் அயனிகளுக்கு மிகப் பெரியவை. நீர் வரத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைத்து, துளைகள் விரியட்டும் என்று அதைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினார்கள். துளைகள் விரியவில்லை, சுருங்கின. சூடாக்கிய தாளைச் சோதனைக் கலத்தில் வைத்து அழுத்தியபோது உப்பு நின்றது. நீரோ, ரீடின் தாளில் கசிந்ததைவிடத் தாராளமாக வந்தது.

இதன் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். அதே தாள், அதே சூடு, அதே அழுத்தம். ஒரு முறை உப்பு நின்றது. இன்னொரு முறை உப்பு தாராளமாகக் கடந்து போனது. ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும். முதல் முடிவு பிழையோ, இரண்டாவது பிழையோ, கலத்தில் ஓட்டையோ, அளவியில் கோளாறோ என்று எதையெதையோ சந்தேகிப்போம். நல்ல முடிவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடும் ஆசை வரும். இவர்கள் இரண்டையும் தூக்கிப்போடவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தபோது அது கைக்குள்ளேயே இருந்தது. தாளுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தை உப்புநீரின் பக்கம் வைத்தால் தடுக்கும், புரட்டி வைத்தால் தடுக்காது. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும் தாள், உள்ளே ஒன்றுபோல இல்லை. தடுக்கும் வேலையை மொத்தத் தாளும் செய்யவில்லை. ஒரு முகத்தின் மேல் ஆடை கட்டியதுபோல ஏதோ ஒரு அடர்ந்த படலம் இருக்கிறது. அதன் கீழே இருப்பது வெறும் பஞ்சுமெத்தை, தண்ணீருக்கு வழிவிடும் தாங்கல்.

ரீட் ஏன் தோற்றார் என்பதற்கும் இதிலேயே விடை இருந்தது. அவர் தாள் மேலிருந்து கீழ்வரை ஒரே அடர்த்தி. தண்ணீர் அத்தனை கனத்தையும் கடக்க வேண்டியிருந்தது. தாளை மெல்லியதாக்கினால் அழுத்தத்தில் கிழியும். தடுக்கும் படலம் எத்தனை மெல்லியதாகவும் இருக்கலாம், கிழியாமல் தாங்கும் மெத்தை எத்தனை தடிமனாகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே தாளாக ஒரே வார்ப்பில் வரலாம் என்பதை ஜெர்மானியத் தாள் தானாகவே செய்துவைத்திருந்தது. அதைச் செய்தவர்களுக்கே அது தெரிந்திருக்கக் காரணமில்லை. தெரிந்த பிறகு, அதையே வேண்டுமென்று செய்ய வேண்டியிருந்தது.

அங்கிருந்து வேலை சமையலாக மாறியது. அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அவர்கள் எழுதிய முறையைப் படிக்கும்போது வடாம் பிழிவதற்கு முன் பாட்டி சொல்லும் பக்குவம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. செல்லுலோஸ் அசிடேட் 22.2 பங்கு, அசிட்டோன் 66.7 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மக்னீசியம் பெர்குளோரேட் என்ற உப்பு 1.1 பங்கு. இந்தக் கடைசிப் பொருள் எங்கிருந்து வந்தது? செல்லுலோஸ் அசிடேட்டைப் பெர்குளோரேட் கரைசல் கரைக்கும் என்று டோப்ரி என்பவர் 1936-ல் பதிவுசெய்த ஒரு பழைய குறிப்பிலிருந்து. கடல்நீரைப் பற்றி நினைத்தே பார்க்காத ஒருவரின் வேலை, 20 வருடத்துக்கும் மேல் நூலகத்தில் உறங்கிக் கிடந்து, இவர்கள் கையில் வந்து விழித்தது.

கலவையை உறைநிலைக்கும் கீழான குளிரில் வைத்து, கண்ணாடிப் பலகையின் மேல் மெல்லிதாக வழிப்பார்கள். சில நிமிடம் காத்திருப்பு. அந்த நிமிடங்களில் அசிட்டோன் மேற்பரப்பிலிருந்து முதலில் பறந்துபோகிறது. மேலே ஆடை கட்டுகிறது. பிறகு பலகையோடு சேர்த்து ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் அசிட்டோனும் பெர்குளோரேட்டும் தண்ணீருக்கு ஓட, அவை இருந்த இடமெல்லாம் துளைகளாக நிற்கும். மெத்தை தயார். கடைசியில் 75 முதல் 80 டிகிரி வரை சூடான நீரில் சில நிமிடம். மேலாடையின் நுண்ணிய இடைவெளிகள் சுருங்கி உப்புக்கு வழியடைபடும். ஒவ்வொரு படியிலும் சூடு, நேரம், பங்கு எதை மாற்றினாலும் தாள் மாறிவிடும். முன்பு வேறொன்றை எதிர்பார்த்துச் சூடாக்கிய தண்ணீர், இப்போது பக்குவத்தின் கடைசிப் படியாகிவிட்டது.

அந்தத் தாளைக் கலத்தில் வைத்து, 100 பாருக்கும் மேலான அழுத்தத்தில், அதாவது கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய 50 மடங்கு அழுத்தத்தில், உப்புநீரைச் செலுத்தினார்கள். மறுபுறம் வந்த நீரில் லிட்டருக்கு அரை கிராம் அளவே உப்பு இருந்தது. கடலில் இருப்பது லிட்டருக்கு 35 கிராம். ஒரு சதுர மீட்டர் தாள் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கும் மேல் கொடுக்கும் என்ற கணக்கு வந்தது. ரீடின் தாளைவிட 10 மடங்குக்கும் அதிகம். 1960-ல் பல்கலைக்கழக அறிக்கையாக இது வெளிவந்தது. அந்த வருடம் நவம்பர் மாதம் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1964 மே மாதம் அது கிடைத்தது. காப்புரிமை எண் 31,33,132. லோப், சௌரிராஜன் என்று இரண்டு பெயர்கள். உலகெங்கும் சவ்வுத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இன்றும் அதை "லோப்-சௌரிராஜன் சவ்வு" என்றே சொல்கிறார்கள்.

காப்புரிமை வருமுன்பே இருவரும் பிரிந்துவிட்டார்கள். சௌரிராஜன் 1961-ல் கனடாவின் ஒட்டாவாவுக்கு, அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்குப் போனார். தாள் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியோடு பல பத்தாண்டுகள் வேலை செய்தார். 1970-ல் "ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்" என்ற தலைப்பிலேயே அவர் எழுதிய நூல், துறையின் ஆரம்ப காலத்தில் அதில் நுழைய நினைத்தவர்களுக்கெல்லாம் வாசலாக இருந்தது. லோப் தாளை ஆய்வகத்தைவிட்டு வெளியே கொண்டுபோனார்.

அவர் கொண்டுபோன ஊர் கோலிங்கா. கலிபோர்னியாவின் உள்நாட்டில், எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். அங்கே நிலத்தடி நீர் குடிக்க லாயக்கில்லாத அளவு உப்பு. வருடக்கணக்கில் அந்த ஊருக்குக் குடிநீர் ரயிலில் வந்தது. புழங்கும் நீருக்கு ஒரு குழாய், குடிநீருக்குத் தனிக் குழாய். இதைப் படித்தபோது 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்த நாள் நினைவுக்கு வந்தது. ஏரிகள் நான்கும் வறண்டு, குடத்தோடு சென்னை தெருவில் நின்ற கோடை. ரயிலில் தண்ணீர் வரும் ஊரின் மனநிலை எது என்று இனி நமக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கோலிங்காவில் 1959-லேயே மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் ஆலை ஒன்று வந்துவிட்டது. 1965 ஜூன் மாதம் லோபும் ஜோசப் மெக்கட்சனும் அங்கே சவ்வாலான ஆலையைத் தொடங்கினார்கள். தாளைக் குழாய்களின் உட்புறத்தில் வார்த்து, குழாய்க்குள் உப்புநீரை அழுத்தி, வெளியே கசியும் நன்னீரைச் சேர்த்தார்கள். நாளொன்றுக்கு 5,000 காலன், நம் கணக்கில் சுமார் 19,000 லிட்டர். சென்னையில் இரண்டு லாரித் தண்ணீர். உலகத்தில் எதிர்ச் சவ்வூடு பரவலால் ஓர் ஊருக்குக் குடிநீர் கிடைத்தது அன்றுதான் முதல்முறை. லோப் அதன் பிறகு இஸ்ரேலுக்குப் போய், பாலைவனத்துக் கூட்டுப்பண்ணை ஒன்றில் இதே வேலையைச் செய்து, பீர்ஷெவாவில் பேராசிரியராகி, 2008-ல் காலமானார்.

ஆடை, ஆடை என்று சொல்லிவருகிறேனே, அதை முதலில் கண்ணால் பார்த்தது யார்? 1964-ல் சான் டியாகோவில் ரைலியும் அவருடைய கூட்டாளிகளும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தாளின் வெட்டுமுகத்தைப் பார்த்தார்கள். தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதில் ஆடை அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லியது. லோபையும் சௌரிராஜனையும் குழம்பவைத்த வேறுபாடு அவ்வளவு மெல்லிய இடத்தில் இருந்திருக்கிறது.

பார்த்தவுடன் ஒரு நீண்ட வழக்கு தொடங்கியது. அந்த ஆடையில் துளை இருக்கிறதா, இல்லையா? சௌரிராஜன் தன் ஆசான் யூஸ்டரின் எண்ணத்தை விடவில்லை. பரப்பில் நன்னீர்ப் படலம் ஒட்டுகிறது, மிக நுண்ணிய துளைகள் வழியே அது வழிகிறது என்றே கடைசிவரை வாதிட்டார். சான் டியாகோக் குழுவினர் 1965-ல் மறுத்தார்கள். துளையே இல்லை, நீர் மூலக்கூறு அந்தப் பொருளுக்குள்ளேயே கரைந்து, ஊடுருவி, மறுபுறம் வருகிறது, உப்பால் அப்படிக் கரைய முடியவில்லை என்றார்கள். பாடப்புத்தகங்கள் இரண்டாவது கட்சியை ஏற்றன. பல பத்தாண்டுகள் அதுவே பாடம். 2023-ல் யேல் பல்கலைக்கழகத்தின் மெனாகெம் எலிமெலெக்கும் கூட்டாளிகளும், நீர் அழுத்த வேறுபாட்டால் துளைகள் வழியேதான் ஓடுகிறது, கரைந்து பரவவில்லை என்று கட்டுரை வெளியிட்டார்கள். சௌரிராஜன் சொன்னது அப்படியே சரி என்று இதற்குப் பொருளல்ல. யூஸ்டர் முதலில் போட்ட கணக்கும் இந்தத் தாள் வேலை செய்யும் விதமும் ஒன்றல்ல. ஆனால் துளை என்று சொன்னதற்காக ஓரங்கட்டப்பட்ட ஒரு சிந்தனை, அறுபது வருடம் கழித்து மறுபடி மேசைக்கு வந்திருக்கிறது.

மற்ற படிகளை வேகமாகச் சொல்லிவிடலாம். குழாய்க்குள் வார்த்த தாள் இடத்தை அடைத்ததால், அதைப் பாய்போலச் சுருட்டும் முறையை 1960-களில் சான் டியாகோவிலேயே கண்டுபிடித்தார்கள். பெர்குளோரேட்டின் இடத்துக்கு ஃபார்மமைடு வந்தது. செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் நீரிலேயே சிதைந்தது, கிருமிகளுக்கும் இரையானது. அதற்கு மாற்றுத் தந்தவர் ஜான் கடோட். இரண்டு வேதிப்பொருட்களில் ஒன்றைத் தண்ணீரிலும் மற்றொன்றை எண்ணெய் போன்ற கரைப்பானிலும் கரைத்து, இரண்டும் தொடும் இடத்தில் ஒரு படலம் நொடிகளில் உண்டாகச் செய்தார். மெத்தையை ஒரு பொருளாலும் ஆடையை இன்னொரு பொருளாலும் தனித்தனியே செய்ய முடிந்தது. 1981-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. என் கையில் இருக்கும் பழைய மெம்பரேன் அந்தக் குலத்துப் பிள்ளைதான். பளபளக்கும் முகம் கடோட் செய்த ஆடை. ஒரே தாளுக்கு இரண்டு முகம் என்ற அமைப்பு லோபும் சௌரிராஜனும் கண்டது.

நம் கரைக்கு இது வந்து சேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தை ஒட்டி அமைத்த கடல்நீர் ஆலையில் நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் சவ்வு வழியே வருகிறது. 2010-ல் மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில் 10 கோடி லிட்டர் ஆலை, 2013-ல் நெம்மேலியில் இன்னொரு 10 கோடி லிட்டர், 2024-ல் அதே நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு மற்றொன்று. 2019 கோடையில் ஏரிகள் கைவிட்டபோது மீஞ்சூரும் நெம்மேலியும் கைகொடுத்தன. கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் குடிநீர் எடுக்க இன்று 3 முதல் 4 யூனிட் மின்சாரம் போதும். வெளியேறும் உப்புநீரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை மீட்டெடுத்து உள்ளே வரும் நீருக்குக் கொடுக்கும் கருவிகள் வந்ததால் இது முடிந்தது.

திருப்பூரின் கதை இன்னும் நெருக்கமானது. சாயக் கழிவு நொய்யலை நிறம் மாற்றி, ஒரத்துப்பாளையம் அணையை உப்புக் குட்டையாக்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டும் வெளியே விடாமல் கழிவை மீட்க வேண்டும் என்ற நிபந்தனையில் திறந்தபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நடுநாயகமாக நின்றது இந்தச் சவ்வுதான். கடலுக்காகப் பிறந்த தாள், பனியன் ஊரின் ஆற்றுக்காக வேலை செய்கிறது. ஆனால் சவ்வு உப்பை அழிப்பதில்லை. ஒரு பக்கம் நல்ல நீரைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் உப்பைக் கெட்டியாக்கி வைக்கிறது. திருப்பூரில் அதை ஆவியாக்கிக் கட்டியாக எடுத்துக் குவிக்க வேண்டியிருக்கிறது. கடலோர ஆலைகளில் அது கடலுக்கே திரும்பப் போகிறது. மீன் பிடிப்பவர்கள் அதைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்குப் பொறுப்பாகப் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பெட்டியிலோ, குடிக்கும் ஒரு லிட்டருக்கு அதைவிடக் கூடுதலான நீர் சாக்கடைக்குப் போகிறது. அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் செடிக்கு ஊற்றவும் என் வீட்டில் பழகியிருக்கிறோம். உப்பு மிகுந்த கிணற்று நீரென்றால் செடிக்கு அது ஆகாது என்பதையும் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பறிகொடுத்துத்தான் கற்றோம்.

கீறிய தாளில் ஒரு துண்டைக் கத்தரித்து, சுண்ணாம்பைத் துடைத்து, மேசைமேல் வைத்திருக்கிறேன். பள்ளியிலிருந்து வந்த பேத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல எந்தப் பக்கம் மேல?" என்று கேட்டாள். பளபளப்பு உள்ள பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். அவள் நம்பாமல் புரட்டி, மறுபக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.